உத்தரமேரூர்க் கல்வெட்டும் ஊரின் உழவும்

ஓர் ஊரின் பெருமை இருவகையால் அறியப்படும். அவ்வூரின் முன்னோர் செய்துவைத்த அருஞ்செயல் ஒன்று; அவ்வூரில் இன்று வாழ்வார் உண்ணும் சோறு மற்றொன்று. முன்னது கல்லில் எழுதப்பட்டு நிற்கும். பின்னது ஆண்டுதோறும் வயலில் விளைந்தாலன்றி நில்லாது. முன்னதைக் காட்டிப் பின்னதை ஈட்டிக்கொள்ளலாம் என்று இக்காலத்துச் சிலர் கூறுகின்றனர். தொண்டைமண்டலத்து உத்தரமேரூரைச் சான்றாகக் கொண்டு அக்கூற்றின் உண்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் சங்கத்தாரிற் பலர் இன்றும் ஏருழுது உண்பவர். வேறு பலர் நகரங்களிற் குடியேறியும் ஊரில் நிலம் உடையவர். ஆதலின் இஃது ஏட்டாராய்ச்சியளவில் ஒழியும் பொருளன்று.

ஊரும் கல்வெட்டும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இவ்வூர். உத்திரமேரூர் என்பது இன்று வழங்கும் பெயர். எட்டாம் நூற்றாண்டில், நந்திவர்ம பல்லவமல்லன் காலத்தில், மறையவர்க்குப் பிரமதேயமாக அளிக்கப்பட்டமையின், உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றது. இங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழனுடைய 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அஃதாவது கி.பி. 919இலும் 921இலும், ஊர்ச்சபையார் செய்த இரண்டு தீர்மானங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அரசன் ஆணையால் முன்னதற்குத் தத்தனூர் மூவேந்தவேளானும், பின்னதற்குச் சோமாசிப் பெருமானும் உடனிருந்தனர். ஒரு முறை வகுத்த விதியை இரண்டே ஆண்டுகளில் மறுபடியும் ஆராய்ந்து திருத்தினர் என்பது இவற்றால் விளங்கும்.

இக்கல்வெட்டுகள் 1898இல் படியெடுக்கப்பட்டன. 1904–05ஆம் ஆண்டுத் தொல்பொருளாராய்ச்சி அறிக்கையில் வெங்கையா இவற்றை விரித்து விளக்கினார். 1932இல் வெளிவந்த தம் நூலில் நீலகண்ட சாஸ்திரியார் இச்சபையின் அமைப்பை நுணுகி ஆராய்ந்தார். அதன்பின் பள்ளிப் பாடநூல்களில் குடவோலை இடம்பெற்றது. 2020 டிசம்பர் 10ஆம் நாள் புதுதில்லியில் புதிய பாராளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியபொழுது பிரதமர் இவ்வூர்க் கல்வெட்டை எடுத்துரைக்கவே, இதன் பெயர் நாடெங்கும் பரவியது. அது முதல், இவ்வூரைச் சுற்றுலாத் தலமாக்கினால் ஊர் செழிக்கும் என்னும் பேச்சும் வலுத்தது.

குடவோலை எதற்காக இடப்பட்டது?

குடத்தில் ஓலையிட்டுச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தார்கள் என்பதை அனைவரும் அறிவர். எடுத்த ஓலை எதற்கு என்பதைக் கேட்பார் சிலரே. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவராக வந்த முப்பதின்மருள், கல்வியிலும் வயதிலும் மூத்தோராய், முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவராய் உள்ள பன்னிருவர் சம்வத்சர வாரியமாயினர். மற்றும் பன்னிருவர் தோட்ட வாரியமாயினர். எஞ்சிய அறுவர் ஏரி வாரியமாயினர். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனியே குடவோலையால் தெரியப்பட்டன. பதவிக்காலம் 360 நாள்.

இதனை ஊன்றி நோக்குமின். தோட்டத்தையும் ஏரியையும் பார்த்துத் தேறியவரே ஆண்டு வாரியத்திற்கு உரியவராயினர். நீரையும் நிலத்தையும் ஆளத் தெரியாதவன் ஊரை ஆளலாகாது என்பது அவர்கள் கொண்ட முறை. அன்றியும், முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் குடத்தில் ஓலையிடப் பெறார் என்று விதித்தனர். மூன்றாண்டுகட்குள் வாரியம் செய்தவனும் விலக்கப்பட்டான். ஆகவே, இக்கல்வெட்டின் உயிர்நிலை ஏரியும் கணக்குமே எனலாம். குடமும் ஓலையும் அவற்றைக் காத்தற்கு அமைத்த கருவிகள்.

இச்சபையைப் போற்றும்பொழுது அதன் குறையையும் மறைத்தல் ஆகாது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையிற் கட்டிய வீடும், மந்திரபிராமணக் கல்வியும், 35க்கு மேல் 70க்குட்பட்ட வயதும் உடையார்க்கே இவ்வுரிமை இருந்தது. வேதமும் பாஷியமும் கற்றவனாயின் அரைக்கால் வேலி போதும். அந்நிலத்தை உழுதவரும், நாற்று நட்ட மகளிரும், ஏரியில் மண் சுமந்தவரும் தம் பெயரைக் குடத்திற் கண்டாரல்லர். இந்நிலை சோழரோடு ஒழிந்துவிடவும் இல்லை. ஏறத்தாழ 970 ஆண்டுகள் கழிந்தபின், 1891இல், செங்கற்பட்டு மாவட்டத்துக் கலெக்டர் திரெமென்ஹீர், நிலமற்ற ஆதிதிராவிட மக்களின் இழிநிலையை அரசுக்கு விரித்தெழுதினார். 1892இல் அவர்க்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. ஊர்ச்சபை என்னும் நல்ல குடத்தில் எத்தனை பேர் பெயர் விடுபட்டிருந்தது என்பதற்கு அவ்வறிக்கை சான்று. பழம்பெருமை பேசுவார் இதனையும் உடன்வைத்துப் பேசுதல் வேண்டும்.

ஏரியின் வரலாறு

ஊரின் பேரேரி கல்வெட்டுகளில் வைரமேக தடாகம் எனப்படும். செய்யாற்றில் அனுமந்தண்டலத்து அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாய் இன்றும் இவ்வூர் ஏரிக்கு நீர் ஊட்டுகிறது. ஏரியிற் படியும் வண்டலை ஆண்டுதோறும் எடுத்தற்கென்று பொன்னும் நெல்லும் அறமாக வைக்கப்பட்டன. ஏரி வாரியப் பெருமக்கள் அதனை ஏற்று, அதன் பலிசை கொண்டு அவ்வறத்தை நடத்துவதாக ஒப்பினர். கோயில் விளக்குக்குப் பசு வைத்தது போன்றே ஏரித் தூருக்குப் பொன் வைத்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

பிற்காலத்தும் இம்முறை முற்றும் அழிந்திலது. களத்தில் நெல்லளக்கும்பொழுதே ஏரிக்கென்றும், மதகு திறக்கும் நீர்க்கட்டிக்கென்றும், பிற ஊர்ப்பணியாளர்க்கென்றும் மேரை எடுத்து வைப்பது தொண்டைமண்டல வழக்கம். 1763இல் ஆற்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியார்க்கு ஜாகீராக அளித்தார். கும்பினியார்க்கு வேண்டியது வரி. ஊரிலேயே தங்கி ஊரிலேயே செலவான பங்குகள் நாளடைவிற் சர்க்கார் கணக்கிற் கரைந்தன. ஏரியைக் காக்கும் பொருள் போயிற்று. காக்கும் கடமை மட்டும் குடிகள் தலையில் நின்றது. குடிமராமத்துச் செய்ய ஆள் வாராமை கண்டு, 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைச் சென்னை அரசினர் இயற்றினர். தாமே விரும்பிச் செய்த பணிக்குச் சட்டம் போட்டு ஆள் பிடிக்க நேர்ந்ததெனின், ஊர்முறை எவ்வளவு தளர்ந்தது என்பதை வேறு கூறவேண்டுமோ?

விடுதலைக்குப் பின்னும் ஏரி ஊரிடம் திரும்பவில்லை. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உடையன பொதுப்பணித் துறைக்கு உரியன. அவற்றை இப்பொழுது நீர்வளத் துறை காக்கிறது. குறைந்தன ஊராட்சி ஒன்றியங்கட்கு உரியன. மேலும் உத்திரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி. ஆண்டில் ஆறு முறை கூடும் கிராம சபை சிற்றூராட்சிகட்கே உரியது. பேரூராட்சிகளில் 2022 முதல் வார்டுதோறும் பகுதி சபை உண்டு. எனவே குடவோலை கண்ட ஊரில், ஊரார் அனைவரும் ஓரிடத்துக் கூடித் தம் ஏரியைப்பற்றி முடிவு செய்யும் சட்டச் சபை இன்று இல்லை. பல்லாயிரவர் வந்து பார்க்கும் சுவருக்கும், அச்சுவர் பேசும் ஏரிக்கும் இடையில் உள்ள தூரம் இது.

இதற்கிடையே கிணறு பெருகிற்று. 1990இல் உழவர் அனைவர்க்கும் விலையில்லா மின்சாரம் வந்தது. சிறுகுடிகட்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் தன் கிணற்றில் நீர் உள்ளவன் ஊர் ஏரியின் மதகைப்பற்றிக் கவலான். தமிழ்நாட்டில் 1960ஐ ஒட்டி ஒன்பது லட்சம் ஹெக்டேர் அளவில் இருந்த ஏரிப்பாசனம் இப்பொழுது அதிற் பாதிக்கும் குறைந்தது. ஏரி நிரம்பினாலன்றிக் கிணறும் ஊறாது என்பதைக் கிணறு வற்றிய கோடையிலேயே நினைக்கிறோம்.

இன்றைய உழவனின் கணக்கு

கால் வேலி என்பது இக்கால அளவில் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். 2015–16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அஃதாவது 1.85 ஏக்கர். பராந்தகன் காலத்தில் குடத்தில் ஓலையிடுதற்குக் குறைந்த அளவு எதுவோ, அதனைச் சற்றே கடந்தது இன்றைத் தமிழ் உழவனின் சராசரி நிலம். நான்கில் மூன்று பங்கிற்கு மேற்பட்ட கைப்பற்றுகள் ஒரு ஹெக்டேரும் நிரம்பாதன.

இந்நிலத்தில் என்ன கிடைக்கும்? 2025–26ஆம் ஆண்டிற்கு மத்திய அரசினர் குறித்த சாதாரண நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். ஏக்கருக்கு 20 குவிண்டால் விளைவதாகக் கொள்வோம். 1.85 ஏக்கரில் 37 குவிண்டால். விலை 87,653 ரூபாய். உழவு, விதை, உரம், நடவு, அறுவடை இயந்திரம் ஆகியவற்றின் செலவு போகப் பாதி மிகுவதாகக் கொண்டாலும், ஒரு போகத்தின் ஆறு திங்களுக்குப் பகுத்தால் திங்களுக்கு 7,300 ரூபாய் அளவே நிற்கும். கொள்முதல் நிலையத்து வாயிலில் குவித்த நெல் மழையில் நனைந்தால் அதுவும் இல்லை.

ஆதலின் இளைஞர் ஊரை விடுகின்றனர் என்பதில் வியப்பில்லை. 2001ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இந்தியாவில் உழுதொழிலார் 12.73 கோடி, 2011இல் 11.87 கோடி. அதே பத்தாண்டில் வேளாண் கூலியாட்கள் 10.68 கோடியிலிருந்து 14.43 கோடியாயினர். நிலமுடையான் நிலமிழந்து கூலியானான் என்பதன் நிழல் இவ்வெண்களில் தெரிகின்றது. நம் மாவட்டத்தில் திருப்பெரும்புதூர், ஒரகடம் முதலிய இடங்களின் தொழிற்சாலைகள் இளைஞரை ஈர்க்கின்றன. அவையும் நிலையுடையன என்று சொல்லுதற்கில்லை. 2006இல் திருப்பெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா கைபேசித் தொழிற்சாலை 2014இல் மூடப்பட்டது.

சுற்றுலா ஊரை உய்விக்குமோ?

இனி, சுற்றுலாவே மருந்து என்பார் கூற்றை நோக்குவோம். காண வருவார் வருக. அதனை யாம் வெறுத்தோமல்லேம். முன்னோர் எழுத்தைப் பிறர் வந்து கண்டு வியத்தல் மகிழ்ச்சிக்குரியதே. அதனாற் சிலர்க்குக் கடை வைக்கவும், வண்டி ஓட்டவும், வழிகாட்டவும் வாய்ப்பு உண்டாகும். ஆயினும் ஊர் முழுதும் அதனால் பிழைக்கும் என்பதற்குத் தடைகள் நான்கு உள.

முதலாவது, வருவார் தங்குவதில்லை. சென்னையிலிருந்து காலையிற் புறப்படுவோர், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரையும், சுந்தரவரதப் பெருமாள் கோயிலின் மூன்று நிலை விமானத்தையும் கண்டு, காஞ்சிக்கோ மாமல்லைக்கோ போய்விடலாம். வண்டிக்கூலி நகரத்தானுக்கும், விடுதிக் காசு காஞ்சியானுக்கும் போக, இவ்வூரிற் சிந்துவது தேநீர்க்காசும் இளநீர்க்காசுமே.

இரண்டாவது, காலம் பொருந்துவதில்லை. வெயில் தணிந்த மார்கழியும் தையும் காண்போர் வரும் காலம். சம்பா அறுவடைக்கு ஆள் வேண்டும் காலமும் அதுவே. வெயில் கொளுத்தும் சித்திரை, வைகாசியில் வயலிலும் வேலை குறைவு, வழியிலும் ஆள் குறைவு. வருவாய் வேண்டும்பொழுது அது வாராது.

மூன்றாவது, அது பிறர் கையிலுள்ள பிழைப்பு. கொள்ளைநோய் பரவிய 2020இல், மார்ச்சு 17 முதல் தொல்பொருள் துறையின் சின்னங்களிற் பெரும்பாலன மூன்று திங்களுக்கு மேல் மூடப்பட்டன; 2021 ஏப்ரலில் மீண்டும் மூடப்பட்டன. நாட்டின் மொத்த வருவாய் சுருங்கிய அந்த 2020–21இலும் உழவுத்தொழில் வளர்ந்து நின்றது. கூத்துக் காண வருபவன் வாராது ஒழியலாம். பசி நாள்தோறும் வரும்.

நான்காவதே மிகவும் அஞ்சத்தக்கது. ஊரின் பெயர் பரவப் பரவ மனை விலை ஏறும். நெல் விளைவித்து ஆண்டிற்கு எண்பதாயிரம் காண்பவன், அந்நிலத்தைக் கூறுபோட்டு விற்றால் பல லட்சம் காணும்பொழுது, அவன் மனத்தை யார் தடுக்க வல்லார்? வரப்பு கல்லாகும்; வாய்க்கால் தெருவாகும்; பின்னர் ஏரியில் நீர் நின்றும் பாய வயல் இராது.

இஃது ஊகமன்று என்பதற்குப் பிறநாட்டுச் சான்று ஒன்று காட்டுவோம். பிலிப்பைன்சுத் தீவுகளில் இபுகாவு என்னும் மலைநாட்டார், மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, மேட்டுக் காட்டிலிருந்து வாய்க்காலால் நீர் கொணர்ந்து நெல் விளைவிக்கின்றனர். 1995இல் அவ்வயல்கள் உலகப் பாரம்பரியச் சின்னம் எனப் போற்றப்பட்டன. காண்போரும் சென்றனர். ஆயினும் இளைஞர் வேறு தொழில் நாடி வெளியேறினர், வாய்க்கால்கள் பேணுவாரின்றிச் சிதைந்தன, படிகள் தரிசாயின. ஆறே ஆண்டுகளில், 2001இல், அழியும் நிலையிலுள்ள சின்னங்களின் பட்டியலில் அவை சேர்க்கப்பட்டன. வாய்க்காலும் வயலும் செப்பனிடப்பட்டு, நிலத்தைக் காக்கும் ஏற்பாடுகள் வகுக்கப்பட்ட பின்னரே 2012இல் அப்பட்டியலிலிருந்து நீங்கின. உலகமே கண்டு வியந்த வயலையும் உலகத்தார் கண்கள் காக்கவில்லை. உழுதவன் கைகளே காத்தன.

அண்மைச் சான்றும் ஒன்று உண்டு. தெலுங்கானத்துப் போச்சம்பள்ளியை 2021இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுலா அமைப்பு சிறந்த சுற்றுலாச் சிற்றூர்களுள் ஒன்றாகத் தெரிந்தது. 1951இல் வினோபா பாவே பூமிதானம் தொடங்கிய ஊர் அது. அங்கே செல்வார் காண்பது நெய்து கொண்டிருக்கும் தறியை; கண்டவர் சேலை வாங்குவர். தொழில் முன்னே நிற்க, காண்பார் பின்னே வந்தனர். தறி நின்றபின் ஊரைக் காணச் சென்றிருப்பின், வாங்குதற்கு அங்கே என்ன இருக்கும்?

செய்யத்தக்கன

ஆகவே உத்தரமேரூர்ச் சுவர் நமக்குக் கற்பிப்பதை அச்சுவரின் முறையிலேயே கொள்வோமாக. தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட உழவர் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தின்படி, ஆயக்கட்டு உடையார் தம்முள் தேர்தல் நடத்தி, நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைக்கலாம். இக்காலத்து ஏரி வாரியம் அதுவே. பல இடங்களில் அது பெயரளவில் நிற்கின்றது. நம்மவர் எங்கெங்கு நிலமுடையரோ, அங்கங்கே அச்சங்கத்திற் சேர்க, தேர்தலுக்கு நிற்க, நின்று வென்றவர் ஆண்டுதோறும் ஊர் நடுவில் கணக்கைப் படித்துக் காட்டுக. கணக்குக் காட்டாதவனை, அவன் நம் உறவினனே ஆயினும், மறுமுறை நிறுத்தாதொழிக. சங்கத்துக்குச் சங்கம் உறவு பார்த்து ஆள் நிறுத்தும் இந்நாளில், கணக்குக் காட்டாதவனுடைய உறவினரையும் விலக்கிய அப்பழைய விதி நமக்கே முதலில் உறைக்கத்தக்கது.

குத்தகைக்கு உழுவாரையும், கூலிக்கு நடுவாரையும், மகளிரையும் ஏரிப் பேச்சில் உடன்வைத்துக் கேட்டல் வேண்டும். முன்னோர் குடத்தில் விட்ட குறையை நாம் நிரப்பினாலன்றி, அவரினும் நாம் அறிவுடையேம் என்று சொல்லிக்கொள்ளுதற்கு வழியில்லை. நகரத்தில் வாழும் நிலமுடையார், விற்பதற்கு முன் உழுபவனை ஒரு சொல் கேட்க. வாய்க்காலை அடைத்து மனை போடுவார்க்கு நிலம் தாராதொழிக. திருமணத்திற்கும் மண்டபத்திற்கும் செலவிடும் பெரும்பொருளில் ஒரு சிறு கூறு ஏரித் தூருக்கு அறமாக நிற்குமாயின், ஆயிரத்து நூறாண்டுக்கு முன் பொன் வைத்தார் வழியில் நாமும் நின்றவராவோம்.

காண வருவார்க்கு ஊர்ப் பிள்ளைகளே கல்வெட்டைப் படித்துப் பொருள் கூறுக. ஊர்ப் பெண்டிர் ஊர் அரிசியிற் சமைத்து விற்க. வந்தவரைக் கோயிலோடு நிறுத்தாது ஏரிக்கரைக்கும் அழைத்துச் செல்க. அவ்வளவிற் சுற்றுலா நன்றே. அது சோற்றுக்குத் தொடுகறியாகும். தொடுகறியையே சோறாக்க முயல்வார் பசியோடு எழுவர்.

அன்பர்காள்! வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரைத் தொல்பொருள் துறையினர் காத்துவருகின்றனர், அதற்குக் குறைவில்லை. ஏரியையும் வாய்க்காலையும் அவற்றின்கீழ் உழுவாரையும் காக்கும் பணி நம்முடையது. வருகின்ற பங்குனி, சித்திரையில் ஏரி வற்றுமுன் அவரவர் ஊரில் கூடுமின். மதகையும் கால்வாயையும் கண்ணாற் காண்மின். செய்ய வேண்டுவதையும் அதற்காகும் செலவையும் எழுதி வைமின். அவ்வெழுத்து நல்லதாயின், அதுவும் ஒரு கல்வெட்டேயாம்.